வண்டியின் பின்பக்கம் தராசு இல்லை!



விலை, தண்ணீர், கரண்டு என்று வழக்கமாகப் பேசுவதை இந்த முறை கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, நம்ம வீட்டு வாசலில் நிற்கிற பிக்கப் வண்டியின் பின்பக்கத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "சங்கச் செயலாளருக்கு வேற வேலை இல்லையா, பட்டறைக்காரர் பேச வேண்டியதை இவரு பேசறாரு" என்று சிலர் சிரிக்கலாம். படித்துவிட்டுச் சிரியுங்கள்.

தாளவாடி மலையில் விளைகிற கோஸ், பீட்ரூட், கேரட், உருளை எல்லாம் ஆசனூர் வந்து, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பண்ணாரி தாண்டித்தான் சத்தியமங்கலத்துக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் போக வேண்டும். இந்தப் பாதைக்காக 2022 பிப்ரவரியில் நாமெல்லாம் தெருவில் இறங்கினோம். இரவுத் தடை உத்தரவு வந்தபோது கடையடைத்தோம், மறியல் செய்தோம். பாதைக்குப் போராடிய நாம், அந்தப் பாதையில் இறங்குகிற வண்டியைக் கவனிக்காமல் விட்டோம்.

நம்ம வண்டிக்கு நடந்ததையே முதலில் சொல்கிறோம். போன ஐப்பசி மழையில் 18 மூட்டை கோஸ் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். மூட்டைக்கு 60 கிலோ. சத்தியமங்கலம் நுழைவதற்கு முன்னால் சோதனைக்கு நிறுத்தினார்கள். அதிகாரி இறங்கிக்கூட வரவில்லை. ஜீப்பில் இருந்தபடியே நம்ம வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். "என்னய்யா, பின்னாடி உக்காந்துட்டு வருது? ஓவர்லோடு. போடு கேஸ்" என்றார்.

"ஐயா, எடை போட்டுப் பாருங்க" என்றோம்.

"எனக்குக் கண்ணு இல்லையா?" என்றார்.

விடவில்லை. போகிற வழியில் தனியார் எடை மேடை ஒன்று இருந்தது. நம்ம காசைக் கொடுத்தே எடை போட்டோம். ஓட்டுகிற ஆள், கூட வந்த ஆள் இருவரையும் சேர்த்து, ஆர்.சி.யில் எழுதியுள்ள மொத்த எடைக்கு 80 கிலோ கம்மி! சீட்டைக் காட்டியதும் கேஸ் இல்லை, வருத்தமும் இல்லை, "போ போ" என்ற ஒரு வார்த்தைதான். அன்றைக்கு மார்க்கெட்டுக்கு இரண்டு மணி நேரம் தாமதம். ஏலம் முடிந்து போயிருந்தது. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம்.

மறுநாள் பட்டறையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இடது பக்கக் கட்டில் இரண்டாவது பட்டை முறிந்து கிடந்தது. வலது பக்கப் பட்டைகளும் வளைவு விட்டுத் தட்டையாகிவிட்டன. அதனால்தான் அளவுக்கு உட்பட்ட சுமைக்கே வண்டி உட்கார்ந்துவிட்டது. அதிகாரியின் கண் பார்த்தது முறிந்த பட்டையை. அவர் எழுதப் போனது ஓவர்லோடு கேஸ்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 114-ஆம் பிரிவைப் பாருங்கள். அளவுக்கு மேல் சுமை இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், போகிற திசையில் 10 கிலோமீட்டருக்குள்ளோ, போய்ச் சேர வேண்டிய இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள்ளோ எடை மேடை இருக்கும் பட்சத்தில், அங்கே வண்டியைக் கொண்டுபோய் எடை போடச் சொல்லலாம். கண்ணால் பார்த்து எடை சொல்லலாம் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. கூடுதல் சுமைக்கு அபராதம் என்ன? 2019-ல் திருத்திய 194-ஆம் பிரிவின்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், சரக்கை இறக்குகிற செலவும் நம்ம தலையில். கோஸ் கிலோ 5 ரூபாய்க்குப் போகிற நாளில் 22,000 ரூபாய் என்றால் 4,400 கிலோ கோஸ். ஒழுங்காக ஏற்றினால் நாலு நடைச் சரக்கு! இவ்வளவு பெரிய தொகையை ஒருவர் ஜீப்பில் உட்கார்ந்து ஓரக்கண்ணால் முடிவு செய்வது என்ன நியாயம்?

இதோடு நிறுத்தியிருந்தால் அதிகாரிகளைத் திட்டுகிற இன்னொரு துண்டறிக்கையாக இது முடிந்திருக்கும். ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்லாமல் விட்டால் நாம் நேர்மையானவர்கள் இல்லை.

நம்ம கதையைக் கேட்ட சங்க உறுப்பினர் ஒருவர், "செயலாளருக்கு விவரம் பத்தல. பின்னாடி தூக்கி வெச்சுட்டா எவன் கேப்பான்?" என்று சொல்லி, தன் வண்டிக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு எக்ஸ்ட்ரா பட்டை போட்டார். அது போதாதென்று, அச்சுக்கும் பட்டைக் கட்டுக்கும் நடுவில் இரண்டு இஞ்ச் இரும்புக் கட்டையும் வைத்துத் தூக்கினார். அதுவும் நம்ம வண்டியைப் போல 1,300 கிலோ வண்டிதான். அதில் 28 மூட்டை ஏற்றினார். கணக்குப் போடுங்கள், சரக்கு மட்டும் 1,680 கிலோ. சுமையோடு நிற்கும்போதும் வண்டி காலி வண்டி மாதிரி நிமிர்ந்து நின்றது. சோதனையில் யாரும் கையைக்கூடக் காட்டவில்லை. 18 மூட்டையோடு போன நம்மை நிறுத்தினார்கள், 28 மூட்டையை விட்டுவிட்டார்கள். இதுதான் கண் தராசின் லட்சணம்.

மூன்றாவது நடையில் திம்பம் இறங்கும்போது, அடிவாரத்துக்கு இன்னும் நாலு வளைவு இருக்கையில் முன்சக்கரத்தில் புகை. பிரேக்கை மிதித்தால் பெடல் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. பக்கத்து சீட்டில் பிளஸ் டூ படிக்கிற மகன். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரோடு உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். ஒரு பக்கம் முழுக்கக் கிழிந்துவிட்டது. மகனுக்குத் தோளில் அடி. எதிரே பஸ் வராதது நாம் செய்த புண்ணியம். அன்று இரவு அவர் போனில் பேசியபோது குரலே வரவில்லை. "அண்ணா, பிரேக் நல்லாத்தான இருந்துது, போன மாசந்தான் லைனிங் மாத்துனேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

லைனிங்கில் குறை இல்லை. குறை எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சிலிருந்து சேசிஸுக்கு ஒரு சின்னக் கம்பி போகும். குனிந்து பார்த்தால் தெரியும். அந்தக் கம்பியின் மேல்முனையில் ஒரு வால்வு இருக்கும். பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் ஆயில் அழுத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். வண்டி காலியாக இருந்தால் பின்பக்கம் தூக்கி நிற்கும், கம்பி அதை வால்வுக்குச் சொல்லும், பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். காலி வண்டியில் பின் சக்கரம் லாக் ஆகி வால் வீசக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சுமை ஏறினால் பின்பக்கம் தாழும், கம்பி நகரும், பின் பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். அந்த வால்வுக்கு மூட்டைக் கணக்கு தெரியாது. உயரம் மட்டும்தான் தெரியும்.

நாம் பட்டை போட்டு, கட்டை வைத்துத் தூக்கிவிட்டால் என்ன ஆகும்? 28 மூட்டை மேலே இருக்கும்போதும் வால்வு அதைக் காலி வண்டி என்றே நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். அத்தனை பாரத்தையும் முன் பிரேக் ஒன்றே இழுத்துப் பிடிக்க வேண்டும். 27 வளைவு இறங்கினால் அது காய்ந்து, புகைந்து, பிடிக்காமல் போகும். அந்த உறுப்பினர் ஏமாற்ற நினைத்தது சோதனைக்காரரை. ஏமாந்தது அவர் வண்டியின் பிரேக்.

தளர்ந்து உட்கார்ந்த வண்டிக்கும் இதே கதைதான், தலைகீழாக. நம்ம வண்டி மாதிரி பட்டை முறிந்து தாழ்ந்திருந்தால், காலியாகத் திரும்பும்போதும் சுமை இருப்பதாக வால்வு நினைக்கும். மழை ஈரத்தில் மிதித்தால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். சில பட்டறைகளில் "இது எதுக்குங்க, தொந்தரவு" என்று அந்தக் கம்பியையே கழற்றி, கட்டுக்கம்பியால் சேசிஸோடு கட்டி வைத்திருப்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். கம்பெனிப் பட்டறையில், அந்த வண்டிக்குச் சொல்லியிருக்கிற அளவு வைத்துத்தான் அதைச் சரிசெய்ய வேண்டும். சில வண்டிகளில் இந்தக் கம்பி இருக்காது. அப்போதும் பின்பக்கத்தைத் தூக்கினால் மற்றக் கேடுகள் உண்டு.

இன்னொரு விஷயத்தில் நம்ம ஆட்கள் நிறையப் பேர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். காலி வண்டி பின்னால் கொஞ்சம் தூக்கி நிற்பது குறை இல்லை. சுமை ஏறியதும் சமமாக வரவேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். காலியாக இருக்கும்போது சமமாக நின்றால்தான் பட்டை தளர்ந்துவிட்டதோ என்று பார்க்க வேண்டும். அதேபோல், சரியான சுமையோடு கொஞ்சம் தாழ்வது பட்டையின் வேலை. தாழவே கூடாது என்று கேட்பது, பாரம் சுமக்கிற மாட்டிடம் முதுகு வளையாதே என்று கேட்பது மாதிரி.

சரி, தளர்ந்ததா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே பார்க்கலாம், ஒரு டேப் போதும். நெல் காயப்போடுகிற களம் மாதிரி சமமான தரையில் காலி வண்டியை நிறுத்துங்கள். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே தொட்டியின் அடிவிளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுத்துவிடும், அதனால்தான் மையத்திலிருந்து. இடது வலது வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருந்தால் ஒரு பக்கம் ஏதோ முறிந்திருக்கிறது, அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது சென்டர் போல்ட் போயிருக்கிறது. நம்ம சாலை இடது ஓரம் சரிவு, குழியும் அந்தப் பக்கம்தான், ஆகவே இடது கட்டை முதலில் பாருங்கள். அளவுக்கு உட்பட்ட சுமை ஏற்றி மறுபடி அதே இடத்தில் அளந்து வையுங்கள். புது வண்டி வாங்குகிறவர்கள் முதல் நாளே அளந்து ஆர்.சி. நகலின் பின்னால் எழுதி வைத்தால் பத்து வருஷத்துக்கு உதவும்.

முறிந்த பட்டைக்குப் புதுப் பட்டை போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருச்சாய்ந்து நிற்கும், இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். தட்டையான பட்டையை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றித் தருகிறார்கள். காசு கம்மி. ஆனால் பட்டை இரும்புக்கு உயிரே அதன் பதம்தான். சிவக்கக் காய்ச்சி அடித்துவிட்டு, முறையாகப் பதம் ஏற்றாமல் விட்டால் நாலு மாதத்தில் மறுபடி படுத்துவிடும், இல்லையென்றால் பட்டென்று ஒடியும். நம்ம வண்டிக்கே இரண்டு தடவை இப்படிச் செய்து ஏமாந்திருக்கிறோம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. யூ போல்ட்டை வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கிய பிறகு, மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முறுக்கச் சொல்லுங்கள். முதல் சுமை நடை போய்வந்ததும் மறுபடி ஒருமுறை முறுக்க வேண்டும். பழைய யூ போல்ட்டையே திரும்பப் போடச் சம்மதிக்காதீர்கள்.

எக்ஸ்ட்ரா பட்டை போட்டால் வண்டியின் சக்தி கூடும் என்பது சுத்தப் பொய். கூடுவது பட்டையின் விறைப்பு மட்டும். அச்சு அதேதான், பேரிங் அதேதான், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் அதேதான். பட்டை வளையாவிட்டால் குழியின் அடி நேராகச் சேசிஸில் இறங்கும். காலியாக வரும்போது பின்பக்கம் குதிக்கும், குதிக்கிற சக்கரம் பிரேக் பிடிக்காது. நீள சாக்கில் போட்டோ, கட்டை வைத்தோ அதிகமாகத் தூக்கினால் ஷாப்ட்டின் சாய்மானம் மாறி, கிராஸ் அடிக்கடி போகும். போதாததற்கு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இப்படி ஒரு சாக்கைத்தான்.

ஏற்றுகிற முறையிலும் விஷயம் இருக்கிறது. கனமான மூட்டையைக் கேபினை ஒட்டி, அடியில் போடுங்கள். பின் கதவைத் திறந்து போட்டு அதன் மேல் நாலு மூட்டை அடுக்குவதை விட்டுவிடுங்கள். அந்த நாலு மூட்டை அச்சுக்குப் பின்னால் தொங்கி, முன்பக்கத்தைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாகும், ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிரே வருகிறவன் கண் கூசும். அதே மூட்டையை முன்னால் போட்டிருந்தால் வண்டி இந்த அளவு உட்காரவே உட்காராது.

உங்கள் வண்டிக்கு எத்தனை மூட்டை என்பதை ஆர்.சி.யே சொல்லும். மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழியுங்கள். வெற்று எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை, அதனால் மிச்சத்தில் ஏறி உட்காருகிற ஆட்களையும் கழிக்க வேண்டும். 1,300 கிலோவில் இரண்டு பேருக்கு 140 போனால் 1,160. மூட்டைக்கு 60 கிலோ என்றால் 19 மூட்டை. மழையில் நனைந்த மூட்டை என்றால் இன்னும் ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள்.

"19 மூட்டை ஏத்துனா வாடகை கட்டுமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். கட்டாது. அங்கேதான் நாம் வந்து சேர வேண்டிய இடம் இருக்கிறது. வியாபாரி வாடகையை நடைக்கு இவ்வளவு என்று பேசுகிறார், எடைக்கு இவ்வளவு என்று பேசுவதில்லை. 19 மூட்டைக்கும் அதே வாடகை, 28 மூட்டைக்கும் அதே வாடகை. சொந்தச் சரக்கை ஏற்றுகிறவருக்கோ டீசல் செலவு அதே. ஆக ஒவ்வொரு கூடுதல் மூட்டையும் லாபம் மாதிரி தெரிகிறது. அந்த லாபத்தில் பெரும்பங்கு யாருக்கு? மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு. அபராதம் யாருக்கு? பட்டைச் செலவு யாருக்கு? பள்ளத்தில் விழுந்தால் உயிர் யாருடையது?

194-ஆம் பிரிவை முழுசாகப் படித்தால் ஓட்டுகிறவரை மட்டும் அது சொல்லவில்லை. அளவுக்கு மேல் ஏற்றி ஓட்டச் செய்தவரையும், ஓட்ட அனுமதித்தவரையும் சொல்கிறது. இத்தனை வருஷத்தில் ஓட்டச் சொன்ன வியாபாரி ஒருவர் மேல் கேஸ் போட்டு நாம் பார்த்ததில்லை. மடக்குவது ஸ்டீயரிங் பிடித்தவனைத்தான்.

ஆகவே கேட்கிறோம். எடை போடாமல் ஓவர்லோடு கேஸ் எழுதக் கூடாது, எடைச் சீட்டின் நகலைக் கையில் கொடுக்க வேண்டும். எடை போட்டு அளவுக்குள் இருந்தால் அந்த எடைக்கூலியை நிறுத்தியவர்கள் கட்ட வேண்டும். காய்கறி புறப்படுகிற மலைமேலேயே விவசாயிகளுக்குக் கட்டணமில்லாத எடை மேடை வேண்டும். இறங்கின பிறகு கூடுதல் என்று கண்டுபிடித்து யாருக்கு என்ன பயன்? வாடகை எடைக்கணக்கில் பேசப்பட வேண்டும், அதிகம் ஏற்றச் சொன்ன வியாபாரியும் அபராதத்தில் சேர வேண்டும். மலைப்பாதையில் போகிற பிக்கப் வண்டிகளுக்கு, எஃப்.சி.க்கு வரும்போது மட்டும் பெயின்ட்டைப் பார்க்காமல், பின் பிரேக் வால்வின் கம்பியைக் குனிந்து பார்க்க வேண்டும்.

இதைக் கேட்கிற நம்ம கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கட்டை வைத்துத் தூக்கிய வண்டியில் ஏறி வந்து மனு கொடுத்தால், வாங்குகிறவர் முதலில் நம்ம வண்டியைத்தான் பார்ப்பார். சங்க நிர்வாகிகளின் வண்டிகளில் இருந்த எக்ஸ்ட்ரா பட்டைகளைக் கழற்றியாயிற்று, நம்ம வண்டியிலும் புதுப் பட்டை போட்டு வால்வும் சரிசெய்தாயிற்று. இப்போது 19 மூட்டைதான். வாடகை இடிக்கிறது, மறைக்கவில்லை.

மனு கொடுக்கப் போகிற நாளை ஊர் ஊராகத் தகவல் சொல்லி அனுப்புவோம். எடை போடாமல் அபராதம் கட்டியவர்கள் அந்த ரசீதையும், ஆர்.சி. நகலையும், எடைச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். ரசீது தொலைந்திருந்தால் தேதி, இடம், கட்டிய தொகை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்தால் போதும். பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் புறப்படுமுன் இரண்டு பக்கமும் அளந்து, அந்த அளவையும் எழுதிக்கொண்டு வரவும். அன்றைக்கு நம்ம பட்டறைத் தம்பி ஒருவர் வந்திருந்து, வேண்டியவர்களுக்கு வண்டியின் அடியில் படுத்து அந்தக் கம்பியைக் காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.